சின்னத் தோட்டா, பெரிய கணக்கு

.22 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? விலை கூடியதா, வேகம் கூடியதா, கடைக்காரர் கையில் இருப்பதா? பதில் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

2024 ஆகஸ்ட் 1. பிரான்ஸின் ஷாத்தரூ நகரத் துப்பாக்கி சுடும் தளம். 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் 451.4 புள்ளிகள் எடுத்துக் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். இந்தப் பந்தயத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்பதால் தோனியோடு ஒப்பிட்டு எழுதாத பத்திரிகை இல்லை. அவர் சுட்ட தோட்டாவைப் பற்றி மட்டும் பேச்சே அதிகம் எழவில்லை.

பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அவருடைய ரைஃபிளிலிருந்து கிளம்பியதும், கல்லூரியில் காக்கிச் சட்டை போட்ட என்.சி.சி. மாணவன் 25 மீட்டர் தொலைவில் மண்மேட்டைப் பார்த்துச் சுடுவதும் ஒரே இனம்தான். .22 லாங் ரைஃபிள். சுருக்கமாக .22 எல்.ஆர். விரல் நகத்தில் அடங்கும் பருமன். ஈயக் குண்டின் எடை சுமார் 2.6 கிராம். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் பெரிது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ரைஃபிளுக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டுத் தோட்டாவை மட்டும் ‘ஏதோ ஒன்று’ என்று வாங்குபவர்கள் இந்தியாவின் கிளப்களில் இன்றும் குறைவில்லை. ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகும் பையனின் புள்ளி ஏறவில்லை என்றால் பழி பையன் மேல் விழுகிறது. குற்றவாளி பெட்டிக்குள் இருக்கலாம்.

விளிம்பில் இருக்கிறது நெருப்பு

‘ரிம்ஃபயர்’ என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ராணுவ ரைஃபிள் தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு தொப்பி இருக்கும். ஊசி அதைக் குத்தினால் மருந்து பற்றும். ரிம்ஃபயரில் தொப்பி கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் ரசாயனம் பூசப்பட்டிருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது. உள்ளே பொறி பறக்கிறது.

இதனால் இரண்டு விளைவுகள். விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியதாகத்தான் இருக்க முடியும். ஆகவே அதிக அழுத்தம் தாங்காது, சக்தியும் குறைவு. சத்தம், உதை, விலை எல்லாம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டாவது, சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது. பெரிய ரைஃபிள்காரர்கள் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். .22-காரருக்கு அந்த வாய்ப்பே இல்லை. தொழிற்சாலை எதைக் கொடுக்கிறதோ அதில்தான் தேர்வு. அதனால்தான் தேர்வு இவ்வளவு முக்கியமாகிறது.

இந்தக் குடும்பம் பழையது. 1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் தன் சிறிய ரிவால்வருக்காக .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. 1871-ல் .22 லாங். 1887-ல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் லாங்கின் கூட்டையும் அதைவிடக் கனமான குண்டையும் சேர்த்து லாங் ரைஃபிளை உருவாக்கியது. 1959-ல் வின்செஸ்டர் .22 மாக்னத்தை அறிமுகம் செய்தது. 2002-ல் ஹார்னடி நிறுவனம் மாக்னத்தின் கூட்டைக் கழுத்தில் குறுக்கி, சின்னஞ்சிறு குண்டை வைத்து .17 எச்.எம்.ஆர். என்று விற்பனைக்கு விட்டது.

இலக்குப் பலகைக்கு இவற்றில் எது? அதில் குழப்பமே இல்லை. சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் பந்தயங்களும் 25 மீட்டர் பிஸ்டல் பந்தயங்களும் .22 எல்.ஆர். தோட்டாவைச் சுற்றியே இயங்குகின்றன. ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில் மட்டும் நெடுங்காலம் .22 ஷார்ட் கோலோச்சியது. ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குப் பின் விதி மாறி அங்கும் எல்.ஆர். வந்துவிட்டது. 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்றது இந்தப் புதிய விதியின் கீழ்தான். மாக்னமும் .17-ம் உலோக உறை போட்ட குண்டுகளோடு வருபவை. ஒலிம்பிக் ரகப் போட்டிகளில் ஈயம் அல்லது அதுபோன்ற மென்மையான குண்டுக்கே அனுமதி. ஆகவே அவற்றுக்கு அங்கே கதவு சாத்தியிருக்கிறது.

பெயர் ஒற்றுமையால் வரும் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். .22 மாக்னம் என்றாலும் .22 எல்.ஆர். என்றாலும் ‘பாயின்ட் டூ டூ’தானே என்று ஒன்றின் துப்பாக்கியில் மற்றதைப் போடக் கூடாது. மாக்னம் கூடு எல்.ஆரைவிடப் பருமன். மாக்னம் அறையில் எல்.ஆர். தோட்டா தளர்வாக உட்காரும். சுட்டால் கூடு பிளந்து சூடான வாயு பின்பக்கம் முகத்தை நோக்கி வரலாம். துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

வேகம் விவேகமல்ல

கடையில் ‘ஹை வெலாசிட்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டி கண்ணைப் பறிக்கும். நொடிக்குச் சுமார் 380 மீட்டர் வேகம். பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘மேட்ச்’ பெட்டியில் வேகம் 320-லிருந்து 330 மீட்டர்தான். வேகமானது நேராகப் போகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உலகின் தலைசிறந்த வீரர்கள் எல்லோரும் சுடுவது மெதுவான தோட்டாவை.

காரணம், ஒலியின் வேகம். 15 டிகிரி வெப்பத்தில் அது நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஹை வெலாசிட்டி குண்டு ஒலியை முந்திக்கொண்டு கிளம்புகிறது. காற்றின் தடை அந்த வேகத்தில் மிக அதிகம் என்பதால் சீக்கிரமே வேகம் இழந்து, ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டின் மேல் அழுத்தம் சீரற்றுப்போய் லேசான தள்ளாட்டம் வரக்கூடும். மெதுவான தோட்டா தொடக்கத்திலேயே ஒலிக்குக் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னும் விசித்திரம், பக்கவாட்டுக் காற்று விஷயத்தில். வேகமான குண்டு சீக்கிரம் போய்ச் சேருவதால் காற்று அதைக் குறைவாகத் தள்ளும் என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறானது. காற்றால் குண்டு விலகுவது பயண நேரத்தைப் பொறுத்ததல்ல. காற்றுத் தடையே இல்லாதிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமாகச் சேருகிறது என்பதைப் பொறுத்தது. ஒலியை முந்தும் .22 குண்டு தடையில் அதிகம் இழக்கிறது. அதனால் அதே காற்றில் மெதுவான குண்டைவிட அதிகமாக விலகுகிறது. திறந்தவெளித் தளங்களில் கொடி படபடக்கும் மதிய நேரத்தில் இந்த வித்தியாசம் பத்தா, ஒன்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

இந்திய வெயில் இதில் ஒரு சின்ன உதவி செய்கிறது. வெப்பம் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும். 35 டிகிரியில் அது 352 மீட்டர். மேட்ச் தோட்டாவுக்கும் ஒலி எல்லைக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிறது. டெல்லி துக்ளகாபாதின் கர்ணி சிங் தளத்தில் ஜனவரிக் காலைக் குளிரில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். குளிர்காலத்தில் சுடுபவர் சற்றே மெதுவான லாட்டைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஒரு சதவீதத்தின் விலை

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பொத்தான். அதற்குள்ளும் புள்ளிகள் பிரிகின்றன. மிகச் சரியான மையம் 10.9. அங்கிருந்து ஒவ்வொரு 0.8 மில்லிமீட்டர் விலகலுக்கும் ஒரு தசமம் குறையும்.

நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 விநாடி ஆகிறது. அந்த இமைப்பொழுதில் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. பார்வைக் கருவியைச் சரிசெய்து இதை ஈடுகட்டலாம். ஆனால் பெட்டிக்குள் ஒரு தோட்டா மற்றதைவிட ஒரு சதவீதம் மெதுவாக இருந்தால்? இறக்கம் இரண்டு சதவீதம் கூடும். அதாவது கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர். கை நடுங்கவில்லை, மூச்சு தவறவில்லை, விசை சரியாக இழுக்கப்பட்டது. இருந்தும் 10.9 ஆக வேண்டியது 10.6 ஆகிறது. வேறுபாடு மூன்று, நான்கு சதவீதம் என்றால் பத்தே கைவிட்டுப் போகலாம்.

தசமங்கள் எவ்வளவு கொடூரமானவை என்பதற்கு 2012 லண்டன் சாட்சி. 50 மீட்டர் படுத்த நிலைப் பந்தயத்தில் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்தார். எழுபது குண்டுகளுக்குப் பிறகு வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 1.9 புள்ளி. ஒவ்வொரு குண்டிலும் பார்த்தால் 0.03-க்கும் குறைவு. அந்தப் பந்தயமே 2016-க்குப் பின் ஒலிம்பிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பாடம் மிச்சமிருக்கிறது. இந்த மட்டத்தில் வீரரின் திறமையும் தோட்டாவின் சீரும் ஒரே தராசில் நிற்கின்றன. தோட்டாவின் பெருமை அதன் வேகத்தில் இல்லை. ஐம்பதும் ஒன்றுபோல் இருப்பதில்தான் இருக்கிறது.

பெயருக்கு அல்ல, எண்ணுக்கு மரியாதை

மேட்ச் ரகத் தோட்டாக்களின் உலகம் சிறியது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பகுதியின் ஈலி, ஜெர்மனியின் ஷோனபெக்கில் ரிம்ஃபயர் தொழிற்சாலை வைத்திருக்கும் லாப்புவா, அதே இடத்திலிருந்து வரும் எஸ்.கே., ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆகியவையே பெரும்பாலும் பேசப்படும் பெயர்கள். ஒவ்வொன்றிலும் படிகள் உண்டு. உச்சியில் ஈலி டெனெக்ஸ், லாப்புவா எக்ஸ்-ஆக்ட், ஆர்.50. நடுவே ஈலி மேட்ச், சென்டர்-எக்ஸ் போன்றவை. பயிற்சிக்கு ஈலி கிளப், எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் போன்றவை. மேல்படிக்கும் கீழ்படிக்கும் விலை பல மடங்கு வித்தியாசம்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். உயர்ரக, நடுரகத் தோட்டாக்கள் பலவும் ஒரே இயந்திர வரிசையில், ஒரே கூடும் குண்டும் மருந்தும் கொண்டு தயாராகின்றன. பிறகு தொகுதி தொகுதியாகச் சோதனைக் குழல்களில் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுந்ததை மேல் பெயரிலும், சற்றுப் பரவியதை அடுத்த பெயரிலும் விற்கிறார்கள். தொழிற்சாலைக் குழலில் அப்படி. ஆனால் உங்கள் ஊர் கிளப்பில் இருக்கும் ரைஃபிளின் குழல் வேறு. அதன் அறை, உள்முறுக்கு, நுனி எல்லாவற்றுக்கும் தனி ருசி உண்டு. நடுரகத்தின் ஒரு லாட், உச்சி ரகத்தின் இன்னொரு லாட்டை அந்தக் குழலில் தோற்கடிப்பது அபூர்வமல்ல.

ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டியது பெயருக்கு அடுத்தபடியாக லாட் எண். ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி என்றாலும் லாட் மாறினால் அது வேறு தோட்டா. முன்னணி வீரர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் தொழிற்சாலைச் சோதனைத் தளங்களுக்கே போய், பல லாட்களைச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை மொத்தமாக வாங்கி வருவது இதனால்தான். மாவட்ட மட்டத்து மாணவனுக்கு இது எட்டாது. அவனுக்கு எட்டுவது, இருக்கும் இரண்டு மூன்று லாட்களில் எது தன் குழலுக்கு உகந்தது என்று பார்த்து வாங்குவது. பல கிளப்களில் அதுகூட நடப்பதில்லை. அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறார்கள். இன்று ஒரு லாட், நாளை வேறு. பயிற்சிக் குறிப்பேட்டில் புள்ளிகள் ஏறி இறங்குவதற்குக் காரணம் தேடிப் பயிற்சியாளரும் மாணவனும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

சோதனை கடினமல்ல. ரைஃபிளை மேஜையில் மணல்மூட்டை மேல் அசையாமல் வைக்க வேண்டும். காற்றில்லாத காலை நேரம் நல்லது. தோட்டா மாற்றும்போது முதல் பத்து, பதினைந்து குண்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு தயாரிப்பும் வேறு மெழுகோ கொழுப்போ பூசி வருவதால் குழல் புதிய பூச்சுக்குப் பழக வேண்டும். பிறகு பத்துப் பத்தாக நான்கு முறை சுட்டு, ஒவ்வொரு தொகுப்பிலும் மிகத் தொலைவில் இருக்கும் இரண்டு துளைகளின் மைய இடைவெளியை அளக்க வேண்டும். ஐந்து குண்டுத் தொகுப்பு ஏமாற்றும். அதிர்ஷ்டத்தால் மூன்று ஒரே துளையில் விழுந்துவிடும். நாற்பது குண்டில் அதிர்ஷ்டம் வடிந்து உண்மை மிஞ்சும். பத்துக் குண்டுகளின் மையங்கள் தொடர்ந்து 12 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் அது போட்டிக்கு எடுத்துவைக்க வேண்டிய லாட். மிகச் சிறிய தொகுப்பைக் கொடுத்ததை அல்ல, மிக மோசமான தொகுப்பும் சகிக்கும்படி இருந்ததைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியில் வீட்டுக்கு அனுப்புவது அந்த ஒரு தறுதலைக் குண்டுதான்.

ஒதுக்கீட்டுக் கணக்கு

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத ஒரு கட்டுப்பாடு இந்திய வீரருக்கு உண்டு. தோட்டாவும் ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. எத்தனை வாங்கலாம் என்பதை உரிமமும் விதியும் சொல்கின்றன. 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் இந்த வரம்பைத் தளர்த்தியது. தகுதி பெற்ற வீரர் பயிற்சிக்காக ஆண்டுக்கு வாங்கக்கூடிய .22 எல்.ஆர். தோட்டாக்கள் 1,000-லிருந்து 5,000 ஆயின.

பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. வாரக் கணக்குப் போட்டால் நூறு. இரண்டு பெட்டி. மூன்று நிலைப் போட்டி ஒன்றில் புள்ளிக்கான குண்டுகள் மட்டும் 60. முன்னோட்டமாகச் சுடுவதையும் சேர்த்தால் ஒரு போட்டிக்கே வார ஒதுக்கீட்டின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பழைய 1,000 என்ற வரம்பில் வாரத்துக்கு இருபதுதான் வந்தது. அதில் உலகத் தரத்தை எதிர்பார்த்தது இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும்போது தரம் குறைந்ததை வாங்கி ஒதுக்கீட்டை நிரப்புவது சிக்கனமல்ல. எல்லாவற்றையும் உச்சி ரகமாக வாங்குவதும் அவசியமில்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு ஒன்று: ஆண்டுத் தேவையில் முக்கால்வாசி நம்பகமான பயிற்சி ரகம், கால்வாசி சோதித்துத் தேர்ந்த மேட்ச் ரகம். இரண்டும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருந்தால் குழல் பழகும் சிக்கலும் குறையும். போட்டிக்குப் பத்து நாள் முன்பே மேட்ச் லாட்டுக்கு மாறிவிட வேண்டும். போட்டியன்று காலையில் புதுப் பெட்டி திறப்பது பரீட்சை அன்று புதுப் பேனா வாங்குவது போல.

தோட்டா இல்லாமலும் பயிற்சி உண்டு. வெறும் விசையிழுப்பில் கை பழகும். ஆனால் ரிம்ஃபயரில் ஒரு எச்சரிக்கை. காலி அறையில் விசையை இழுத்தால் சில துப்பாக்கிகளில் ஊசி அறையின் உலோக விளிம்பிலேயே மோதி அதைச் சிதைத்துவிடும். பயிற்சிக்கென்றே தனி அமைப்புள்ள போட்டி ரைஃபிள்கள் உண்டு. அது இல்லாத ரைஃபிளில் போலித் தோட்டா போட்டுத்தான் பழக வேண்டும்.

இன்னும் எளிய வழி ஏர் ரைஃபிள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டமும் 20 ஜூல் சக்தியும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைக்குப் போனது அந்த வழியில்தான். அடிப்படை அங்கே பழகியவருக்கு .22-ல் வீணாகும் தோட்டா குறைவு.

வாங்கிய தோட்டாவைக் காப்பதும் தேர்வின் ஒரு பகுதி. ஈயக் குண்டின் வெளியே பூசிய மெழுகு வெயிலில் இளகும். மே மாதத்தில் காரின் முன்பலகையில் வைத்த பெட்டியும் காலையில் வாங்கிய பெட்டியும் ஒன்றல்ல. சட்டைப் பையில் போட்டால் நூலும் தூசியும் ஒட்டி, குழலுக்குள் உப்புத்தாள் போல் வேலை செய்யும். சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர ஊர்களில் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பூட்டிய அலமாரியில் வைப்பதே வழி.

முயலுக்கு அல்ல

.22 பற்றிய வெளிநாட்டுப் பேச்சில் பாதி வேட்டையைப் பற்றியது. பிரிட்டனில் பயிரைத் தின்னும் முயல், அமெரிக்காவில் அணில், ஆஸ்திரேலியாவில் வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட முயல். அங்கே தேர்வும் மாறுகிறது. இலக்குப் பலகைக்கு உருண்டை முனையுள்ள குண்டு. சிறு விலங்குக்கு நுனியில் குழியுள்ள ‘ஹாலோ பாயின்ட்’. பட்டதும் விரிந்து உடனே உயிரை எடுக்கும், அப்பால் ஊடுருவிப் போகும் ஆபத்தும் குறையும். ஐம்பது, அறுபது மீட்டர் வரை சத்தம் குறைந்த எல்.ஆர். போதும். நூறைத் தாண்டினால் நொடிக்கு 770 மீட்டருக்கு மேல் பாயும் .17 எச்.எம்.ஆர். ஆனால் அது இறைச்சியைச் சிதைக்கும், எடை குறைந்த குண்டு என்பதால் காற்றுக்கும் வளையும். வேட்டை அனுமதியுள்ள நாடுகளில் பொறுப்பானவர்கள் சொல்லும் அளவுகோல் ஒன்றே: எந்தத் தூரத்தில் ஒரே குண்டில் நிச்சயமாக முடிக்க முடியுமோ, அதற்கு மேல் சுடாதே.

இந்தியாவில் இந்தப் பாதிப் பேச்சுக்கு இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ன் திருத்தமும் சேர்ந்து பொழுதுபோக்கு வேட்டையை முடித்துவைத்தன. காட்டு முயல், கௌதாரி, காட்டுக்கோழி எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. 2022 திருத்தத்துக்குப் பின் சாதாரண மீறலுக்கே மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். அதிகம் பாதுகாக்கப்பட்ட இனங்களுக்குத் தண்டனை இன்னும் கடுமை. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது வேட்டைக்கு உரிமம் ஆகாது. தாத்தா காலத்தில் நீலகிரியிலோ ஏலமலையிலோ தோளில் தொங்கிய .22 இன்று பேரன் கையில் இருந்தால், அதன் உரிமம் பேரன் பெயருக்கு மாற வேண்டும். அதன் குழலுக்கு இலக்குப் பலகை மட்டுமே வேலை. பெட்டியடியில் கிடக்கும் முப்பது வருடப் பழைய தோட்டாக்களைச் சோதித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

பயிரை அழிக்கும் பன்றிக்கு விதிவிலக்கு உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. கேரளம் 2022-ல் அதற்கான அனுமதி அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. ஆனால் அனுமதி கிடைத்தாலும் .22 அதற்கானதல்ல. காயம்பட்ட பன்றி மருந்துக்கடங்காத கோபத்தோடு புதருக்குள் போய்விடும். அடுத்து அந்த வழியே விறகுக்குப் போகிறவர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

உயிரில்லாத இலக்கிலும் திருவிழா உண்டு என்று காட்டுவது குடகு. ஆயுதச் சட்டத்தில் குடவர்களுக்குப் பிரிட்டிஷார் காலம் தொட்டே உள்ள விலக்கு இப்போது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பரில் வரும் கைல்போள்து பண்டிகையையொட்டி அங்கே தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டிகள் நடக்கின்றன. .22 பிரிவும் அதில் உண்டு. வேட்டை போன பின்னும் வேட்டைக்காரனின் கண் பிழைத்திருக்கிறது. தேங்காய்க்கு டெனெக்ஸ் தேவையில்லை. சாதாரண ஸ்டாண்டர்ட் ரகமே தாராளம்.

சின்னது என்று நினைக்காதே

சத்தமும் உதையும் குறைவு என்பதால் .22-ஐ விளையாட்டுச் சாமானாக நினைப்பவர்கள் உண்டு. தோட்டாப் பெட்டிகளிலேயே ஒன்றரை மைல், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர் தூரம் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடக் கூடாது. விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் வைத்திருந்து பிறகுதான் திறக்க வேண்டும். ரிம்ஃபயரில் விளிம்புக்குள் ரசாயனம் சீராகப் பரவாவிட்டால் இப்படி ஆவது உண்டு. சத்தம் மட்டும் ‘புஸ்’ என்று வந்து இலக்கில் துளை விழவில்லை என்றால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஈயம். குண்டும் ஈயம், பற்றவைக்கும் ரசாயனத்திலும் ஈயம். காற்றோட்டமில்லாத உள்ளரங்குகளில் அந்தப் புகை மூச்சில் போகிறது, தூள் கையில் ஒட்டுகிறது. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் தடை செய்துவிட்டது. ஈயமில்லாத .22 சந்தையில் உண்டு. ஆனால் போட்டித் துல்லியத்தில் ஈயத்தின் இடத்தை அது பிடிக்கவில்லை. அதுவரை செய்யக்கூடியது எளிது. தளத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வளரும் பிள்ளைகளை மின்விசிறிகூட இல்லாத அறையில் மணிக்கணக்கில் சுடவைக்கும் கிளப்பைப் பெற்றோர் மாற்றிவிட வேண்டும்.

மூன்று கேள்வி போதும்

கடைசியில் தேர்வு மூன்று கேள்விகளில் அடங்கிவிடுகிறது. துப்பாக்கிக் குழலில் என்ன பொறித்திருக்கிறது? எதைச் சுடப் போகிறார்? எந்த லாட் அந்தக் குழலுக்குப் பொருந்துகிறது? முதல் கேள்விக்குக் கண் பதில் சொல்லும். இரண்டாவதற்கு இந்தியாவில் ஒரே பதில்: பலகை அல்லது தேங்காய். மூன்றாவதற்கு மணல்மூட்டையும் அளவுகோலும் நாற்பது குண்டுகளும் பதில் சொல்லும்.

புதிதாகச் சேரும் மாணவனுக்கு ஸ்டாண்டர்ட் வேகப் பயிற்சி ரகத்தில் ஒரே லாட் ஆறு மாதத்துக்குக் கிடைத்தால், அது அவ்வப்போது கிடைக்கும் விலையுயர்ந்த பெட்டிகளைவிட மேல். தோட்டா மாறாமல் இருந்தால்தான் மாறுவது அவன்தான் என்று தெரியும். மாநிலப் போட்டி, மாவ்லங்கர் போட்டி என்று ஏறும்போது சோதித்த மேட்ச் லாட்டுக்குப் பணம் ஒதுக்கலாம். அதற்கு முன் உச்சி ரகம் வாங்குவது, கோலம் போடப் பழகும் கைக்குக் குங்குமப்பூ கொடுப்பது போல.

துப்பாக்கி சுடுதலில் பதக்கங்கள் வரத் தொடங்கிய பிறகு ரைஃபிள், கோட்டு, கண்ணாடி என்று பெற்றோர் தாராளமாகச் செலவிடுகிறார்கள். நல்லதுதான். கிளப் அலமாரியில் இருக்கும் பெட்டியைத் திருப்பி அதன் லாட் எண்ணைக் குறித்துக்கொள்ள மட்டும் காசு ஆகாது. அந்த எண்ணும் அன்றைய புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு, இந்த விளையாட்டில் வாங்கக்கூடிய மிக மலிவான கருவி.